காணும் பொங்கலுக்கு வீட்டில் ‘மாயா பஜார்’: பத்துப் பேருக்குப் படமும் பந்தியும்

வீடே கூடிப் படம் பார்க்கும் ராத்திரியில் ஒருவருக்கு மட்டும் படம் கிடைப்பதில்லை. அடுப்படியில் நிற்பவருக்கு. “பாட்டு வந்தாச்சு, வா வா” என்று கூடத்திலிருந்து குரல் வரும். மாவுக் கையோடு நிலைப்படி வரை வந்து, நாலு வரி எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் காய்கிறதே என்று திரும்பி ஓடுவார். பண்டிகை விருந்தையும் படத்தையும் ஒன்றாக வைக்கும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கீழே உள்ள திட்டம், சமைப்பவரும் முதல் காட்சியிலிருந்து வணக்கம் போடும் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே கணக்கில் போட்டது. எந்தப் பலகாரம் எப்போது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

படம், 1957-ல் வெளிவந்த ‘மாயா பஜார்’. நாள், காணும் பொங்கல். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தது போலப் பொருந்தும். கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் கல்யாணச் சமையலைத் தனியாக உட்கார்ந்து காலி செய்யும் பாட்டில் பஜ்ஜி, சொஜ்ஜி, புளியோதரை, சாம்பார், பூரி கிழங்கு, லாடு என்று வரிசையாக வருகிறது. நம் பட்டியலைப் படமே எழுதிக் கொடுத்துவிட்டது. காணும் பொங்கலோ கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு உறவைப் பார்க்கப் போகிற நாள். புளியோதரை அன்றைக்கு எப்படியும் உண்டு. பொங்கலுக்கு வாங்கிய பரங்கியும் சேனையும் அவரையும் மொச்சையும் சர்க்கரைவள்ளியும் இன்னும் கூடையில் கிடக்கும். சாம்பாருக்குத் தனியாகச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை.

விருந்தை ஒரே வேளையாக வைக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். கதை நாயகி வத்சலாவின் கல்யாணத்தைச் சுற்றி நடப்பதால், நம் பரிமாறலும் ஒரு கல்யாணத்தின் வரிசையிலேயே போகட்டும். படம் தொடங்குமுன் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுப்பது போல பஜ்ஜி சொஜ்ஜி. சமையல் பாட்டு முடிந்ததும் இலை போட்டுப் பந்தி. படம் முடிந்து கிளம்பும்போது தாம்பூலம். அடுப்பு எரிய வேண்டிய வேலை முழுவதும் படம் நின்றிருக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

நேரக் கணக்கு

முதலில் பந்தி நேரத்தை முடிவு செய்து, அங்கிருந்து பின்னால் எண்ணிப் போங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இரவு 7.30-க்கு மேல் பந்தியைத் தள்ளக் கூடாது. படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சமையல் பாட்டு பின்பாதியில் வருகிறது. பிரதிக்குப் பிரதி வெட்டும் நீளமும் மாறுவதால், உங்களிடம் இருக்கும் பிரதியில் அது எந்த நிமிடத்தில் முடிகிறது என்று முதல் நாளே ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தி நேரத்திலிருந்து அந்த நிமிடத்தையும், நடுவில் விடும் ஒரு 15 நிமிட இடைவேளையையும் கழித்தால் வருவதுதான் படம் தொடங்கும் நேரம். உதாரணமாக, பாட்டு 2 மணி 15 நிமிடத்தில் முடிகிறது என்றால் 5 மணிக்குப் படத்தைப் போட வேண்டும். பஜ்ஜி 4.15-க்கு எண்ணெயில் விழ வேண்டும்.

பிரதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. தமிழில் அபிமன்யுவாக ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். 2010-ல் வண்ணமேற்றி வெளிவந்தது தெலுங்குப் பதிப்பு. வண்ணத்தில் இருக்கிறதே என்று அதை எடுத்து வைத்துவிட்டு, பத்துப் பேர் உட்கார்ந்த பிறகு மொழி வேறு என்று தெரிந்தால் தேடி மாற்ற அரை மணி போய்விடும். பண்டிகை ராத்திரியில் இணையமும் இழுக்கும். முடிந்தால் உரிமையோடு கிடைக்கும் பிரதியை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். விளம்பரம் குறுக்கே வராமல் இருக்கவும் அதுதான் வழி.

மூன்று நாள் முன்னால் தொடங்குவது

போகியன்று புளிக்காய்ச்சலைச் செய்து வைத்துவிடலாம். எண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் நாலு நாளில் கெடாது, ருசியும் கூடும். பத்துப் பேருக்கு, மற்ற பதார்த்தங்களும் இருப்பதால், அரை கிலோ அரிசிப் புளியோதரை போதும். அதற்குப் பழம்புளி 75 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, காய்ந்த மிளகாய் 12, தனியா இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம் முக்கால் தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, வெல்லம் கோலிக்குண்டு அளவு, உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி.

புளியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மூன்று டம்ளருக்கு மேல் போகாமல் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். ஆறு மிளகாய், தனியா, பாதிக் கடலைப்பருப்பு, எள், வெந்தயம் ஆகியவற்றை எண்ணெய் விடாமல் தனித்தனியாக வறுத்துக் கொரகொரவென்று பொடியுங்கள். வெந்தயத்தைக் கடைசியில், அணைத்த அடுப்பின் சூட்டிலேயே வறுத்தால் போதும். பொன்னிறம் தாண்டிப் பழுப்பு ஏறினால் மொத்தப் புளிக்காய்ச்சலும் கசந்துவிடும், பிறகு எவ்வளவு வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. மீதி மிளகாய், கடுகு, மீதிக் கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் தாளித்து, புளிக்கரைசல், மஞ்சள், உப்பு சேர்த்து நிதானமான தீயில் 25 முதல் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். கரைசல் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் அடிப்பாத்திரம் ஒரு கணம் தெரிந்து மூடும். அதுதான் பதம். அப்போது வெல்லமும், வறுத்த பொடியில் முக்கால் பங்கும். மீதிப் பொடி, சாதம் கலக்கும்போது. அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் பச்சைப்புளி வாசம் நிற்கும், நாளும் தாங்காது.

மாட்டுப் பொங்கலன்று மாலையில் ரவா லாடு. பூந்தி லட்டு வேண்டாம். பாகு பதம் தவறினால் சரிசெய்யப் பண்டிகை வீட்டில் நேரம் கிடையாது. ரவை 200 கிராமை ஒரு கரண்டி நெய்யில் வாசம் வர வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, பொடித்த சர்க்கரை 200 கிராம், ஏலக்காய், வறுத்த முந்திரி திராட்சை கலந்து, சூடான நெய் 100 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடியுங்கள். பால் தெளித்துப் பிடித்தால் இரண்டு நாளுக்கு மேல் நம்ப முடியாது. இந்த அளவுக்கு 20 லாடு வரும். ஒவ்வொன்றும் 25 கிராமுக்கு மேல் போகாமல் சின்னதாகவே இருக்கட்டும். ஏன் என்பது பாட்டு வரும்போது தெரியும்.

வாழையிலையையும் முன்பே வாங்கி வையுங்கள். பண்டிகை நாளில் விலை ஏறுவதோடு கிழிசல்தான் மிஞ்சும். பத்துப் பேருக்குப் பதிமூன்று தலைவாழை. ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைத்தால் இரண்டு நாள் பசுமையாக இருக்கும். விரிக்கும்போது மடிப்பில் வெடித்தால் இலையின் பின்பக்கத்தைத் தீயில் ஒரு இழுப்பு காட்டினால் குழைந்துவிடும்.

அன்றைய பகல்

அரிசி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பொங்கலுக்கு வாங்கிய புத்தரிசி வீட்டில் நிறைய இருக்கும். சர்க்கரைப் பொங்கலுக்கு அருமையான அரிசி, புளியோதரைக்கு ஆகவே ஆகாது. புது அரிசி குழைந்து ஒட்டும். புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்ததும் களியாகிவிடும். குறைந்தது ஆறு மாதம் பழகிய அரிசி அரை கிலோவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்றுக்கு இரண்டு அளவு தண்ணீர். வெந்ததும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் பருக்கை உடையும்.

பகல் 2 மணிக்குக் கலக்கலாம். முதலில் முக்கால் பங்கு புளிக்காய்ச்சலை மட்டும் போட்டுக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள். சாதம் புளிப்பை இழுக்க நேரம் எடுக்கும். கலந்த உடனே சரியாக இருக்கிறதென்று தோன்றினால் ராத்திரி சப்பென்றிருக்கும். வேர்க்கடலை 75 கிராமைப் பரிமாறும்போது வறுத்துத் தூவுங்கள். மதியமே போட்டால் பதத்துப்போய்விடும்.

சாம்பாரும் மதியமே முடியட்டும். துவரம் பருப்பு 250 கிராம், புளி 40 கிராம், சாம்பார் பொடி மூன்று மேசைக்கரண்டி, காய் முக்கால் கிலோ. கூடையில் மிஞ்சியிருப்பதைப் போடுங்கள், ஆனால் வரிசை முக்கியம். பச்சை மொச்சையும் சேனையும் முதலில், அவரை அடுத்து, பரங்கி அதன் பிறகு, சர்க்கரைவள்ளி கடைசி ஐந்து நிமிடத்தில். எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினால் மொச்சை வேகும்போது பரங்கி கரைந்து காணாமல் போயிருக்கும். ராத்திரி சுடவைக்கும்போது கெட்டிப்படும் என்பதால் மதியம் கொஞ்சம் நீர்க்கவே இறக்குங்கள்.

கிழங்கு மசாலாவுக்கும் அதே விதி. உருளைக்கிழங்கு ஒரு கிலோ, வெங்காயம் 400 கிராம், பச்சை மிளகாய் ஆறு, இஞ்சி ஒரு துண்டு, இரண்டு டம்ளர் தண்ணீர், கடைசியில் கரைத்து விட ஒரு மேசைக்கரண்டி கடலைமாவு. கிழங்கை முழுக்க மசிக்காமல் பாதியைக் கையால் உடைத்துப் போட்டால்தான் கல்யாண வீட்டுக் கிழங்கு மாதிரி இருக்கும்.

வெள்ளைச் சாதம் அரை கிலோ அரிசிக்கு, சாம்பாருக்கும் தயிருக்கும். அதை 4 மணிக்கு வடித்துச் சூடு தாங்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். தயிர் ஒரு லிட்டர், அப்பளம் 15, ஊறுகாய், ஒரு வெள்ளரிப் பச்சடி. மிக்ஸி ஓடும் வேலை எதுவும் 4 மணிக்கு மேல் இருக்கக் கூடாது.

கூடத்தில் திரை

தொலைக்காட்சியில் பார்ப்பதானால் படத்தை முழுத்திரைக்கு இழுக்காதீர்கள். அந்தக் காலத்துப் படங்களின் சட்டம், அகலம் 1.37-க்கு உயரம் 1 என்ற கணக்கில் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். இழுத்தால் வத்சலாவாக வரும் சாவித்திரியின் முகம் அகன்று தட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

புரொஜெக்டர் இருந்தால் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுவதே நல்ல திரை. மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம் வரும். மேலே சொன்ன சட்டம் அதில் அளவெடுத்தது போல உட்காரும். ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் பின்பக்கம் கசிந்து படம் மங்கும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, மேலே ஒரு கம்பு, கீழே ஒரு கம்பு கோத்துத் தொங்கவிடுங்கள். கீழே பாரம் இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் கடோத்கஜன் ஆடிக்கொண்டே இருப்பான்.

மொட்டைமாடி ஆசை எல்லோருக்கும் வரும். தை மாதத்தில் வேண்டாம். 5 மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு பனி இறங்கும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். பாட்டியின் மூட்டையும் துளைக்கும், கருவியின் கண்ணாடியிலும் படியும். கூடத்தில் சன்னலுக்குப் போர்வை கட்டினால் போதும்.

பழைய படத்தின் ஒலி ஒற்றைத் தடத்தில் இருப்பது. நாலு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்தால் வசனம் தெளியாது. ஒன்றே ஒன்றைத் திரைக்கு நேர் கீழே வையுங்கள். காது மந்தமானவர்கள் அதன் பக்கத்தில், குழந்தைகள் தரையில் முன்னால், அடுப்படிக்குப் போக வேண்டியவர் ஓரத்தில்.

பஜ்ஜி சொஜ்ஜியும் உறவுமுறையும்

சொஜ்ஜியை 4 மணிக்குக் கிளறுங்கள். ரவை 200 கிராம், சர்க்கரை 300 கிராம், தண்ணீர் 600 மில்லி, நெய் 100 மில்லி, முந்திரி 20, கேசரி நிறம் ஒரு சிட்டிகை. ரவையைப் பாதி நெய்யில் வறுத்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் தூவி மறுகையால் கிளறி, மூடிபோட்டு முழுக்க வேகவிட்ட பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் ரவை அதற்கு மேல் வேகாது. மென்றால் மணல் போலப் பல்லில் தட்டும். சர்க்கரை போட்டதும் இளகும், பயப்பட வேண்டாம். மீதி நெய்யை விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். மூன்று நாலு நிமிடத்தில் ஓரம் விட்டுச் சுருண்டு, கரண்டியைத் தூக்கினால் மொத்தமாக ஒருமுறை வழுக்கி விழும். அடுப்பை அணைத்துவிடலாம்.

பஜ்ஜிக்கு வாழைக்காய் மூன்று, ஒவ்வொன்றிலும் 12 வில்லை. கடலைமாவு 300 கிராம், அரிசிமாவு 75 கிராம், மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, உப்பு, பெருங்காயம், சமையல் சோடா ஒரே ஒரு சிட்டிகை, காய்ந்த எண்ணெய் இரண்டு ஸ்பூன். தண்ணீர் ஏறக்குறைய 350 மில்லி, இட்லி மாவை விடக் கொஞ்சம் இளக்கம். வில்லையைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தால் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு தோய்த்தால் மாவு பிடிக்காமல் எண்ணெயில் தனியாகக் கழன்றுவிடும். பஜ்ஜி எண்ணெய் குடிக்கிறதென்றால் இரண்டே காரணம்: சோடா அதிகம், அல்லது எண்ணெய் காயவில்லை. ஒரு சொட்டு மாவைவிட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும்.

பஜ்ஜி சாப்பிடும் இந்த அரை மணியில் குழந்தைகளுக்கு முறையைச் சொல்லிவிடுங்கள். பாதிப் படம் அதிலேயே புரிந்துவிடும். பலராமனும் சுபத்திரையும் அண்ணன் தங்கை. பலராமன் பெண் வத்சலா, சுபத்திரை பிள்ளை அபிமன்யு. ஆக அவள் அவனுக்கு மாமன் மகள். அவளைத் துரியோதனன் தன் மகன் லக்ஷ்மண குமாரனுக்குக் கேட்கிறான். கடோத்கஜன் பீமன் மகன், அபிமன்யுவுக்குப் பெரியப்பா பிள்ளை, அண்ணன் முறை, தம்பிக்காக வருகிறான். நம் வீட்டிலேயே யார் யாருக்கு மாமன் மகள், அத்தை மகன் என்று கைகாட்டிச் சொன்னால் ஆறு வயதுக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்யலாம். திறந்து பார்ப்பவருக்கு மனசுக்குப் பிடித்தவர் முகம் தெரியும் பிரியதர்சினிப் பெட்டி ஒன்று படத்தில் வருகிறது. காலணி வந்த அட்டைப்பெட்டிக்குப் பளபளக்கும் தாள் ஒட்டி, உள்ளே கைபேசியைச் சாய்த்து வைத்து, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளையைக் காணொளி அழைப்பில் பிடித்து வையுங்கள். நடுவில் விடும் இடைவேளையில் பெட்டியைப் பாட்டி கையில் கொடுத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு முன்பே நேரம் சொல்லி, மூடி திறக்கும் வரை பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். வர முடியாதவர்களும் அன்றைக்குக் கண்ணில் பட்டுவிடுவார்கள்.

இடைவேளையும் பூரி மாவும்

மொத்தத் திட்டத்திலும் சிக்கலான சாமான் பூரிதான். முன்னால் பொரித்து வைத்தால் வற்றித் தோலாகிவிடும். மாவை மதியமே பிசைந்து வைத்தால் இளகி எண்ணெய் இழுக்கும். அதனால் கோதுமை மாவு 750 கிராம், ரவை இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி ஆகியவற்றைப் பாத்திரத்திலேயே அளந்து மூடி வையுங்கள். 350 மில்லி தண்ணீரையும் அளந்து பக்கத்தில். ஒரு மணி நேரப் படத்துக்குப் பிறகு, நிலவொளிப் படகுப் பாட்டு முடிந்த பிறகு, பொருத்தமான ஓரிடத்தில் 15 நிமிடம் நிறுத்துங்கள். அந்தப் பாட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். அந்த நிலாவைப் பார்க்கவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. மற்றவர்கள் கால் நீட்டிக்கொள்ளும் நேரத்தில் இருவர் சேர்ந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். சில்லென்று இருக்கும் கெட்டி மாவு ஒரு மணி நேரத்தில் இளகாது.

பஜ்ஜி போட்ட எண்ணெயையும் இப்போதே மெல்லிய துணியில் வடிகட்டி, கால் லிட்டர் புது எண்ணெய் சேர்த்து வைத்துவிடுங்கள். அடியில் தங்கிய தூள் போகாவிட்டால் பூரியில் கறுப்புப் புள்ளி விழும், கசக்கும்.

பாட்டும் பந்தியும்

சமையல் பாட்டு தொடங்கும்போது ஒருவர் எழுந்து மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு உடனே வந்து உட்கார வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. பாட்டு முடியுமுன் எண்ணெய் காயட்டுமே என்று அடுப்பில் வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பது தீப்பிடிக்கும் வழி. இந்த நேரத்தில் சுற்றி வர வேண்டியது லாடுத் தட்டு ஒன்றுதான். திரையில் லாடு தானாகப் பறந்து கடோத்கஜன் வாய்க்குள் போகும் நேரத்தில் கையிலும் ஒரு லாடு இருந்தால் குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்! அதற்காகத்தான் சின்னதாகப் பிடித்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உதிர்த்து, முந்திரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். தூக்கிப்போட்டு வாயால் பிடிக்கும் விளையாட்டுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

பாட்டு முடிந்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். படத்தை ஓடவிட்டபடியே பரிமாறலாமே என்று தோன்றும். இருட்டில் சாம்பார் ஊற்ற முடியாது, பரிமாறுபவர் திரையை மறைப்பார், பழைய வசனம் பாத்திரச் சத்தத்தில் போய்விடும். சாப்பாடும் கெடும், படமும் கெடும்.

இப்போது அடுப்பைப் பற்றவைத்தால் எண்ணெய் காய ஆறேழு நிமிடம். அதற்குள் இலையை நுனி இடப்பக்கம் வருமாறு விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், பச்சடி, அப்பளம், லாடு, புளியோதரை வரை வைத்துவிடலாம். சாம்பாரும் கிழங்கும் பக்கத்து அடுப்பில் சுடும். புளியோதரை பாதி இறங்கும்போது முதல் பூரி இலையில் விழும்.

எலுமிச்சை அளவு உருண்டை, 30 பூரிக்கு மேல் வரும். மாவு தொட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணெயில் கருகும். பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருந்தால்தான் உப்பும். தேய்த்ததை அடுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் தேய்க்க இருவர், பொரிக்க ஒருவர். எண்ணெயில் போட்டதும் ஜல்லிக்கரண்டியால் மேலே மெதுவாக ஒரு தட்டு, உப்பியதும் திருப்பி, ஒரு பூரிக்கு முக்கால் நிமிடம். மொத்தம் 20 முதல் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு அடுப்பை அணைத்து, தேய்த்தவர்களும் பொரித்தவரும் மீதி மூன்று இலையில் உட்கார வேண்டும்; சாப்பிட்டு எழுந்தவர்கள் அவர்களுக்குப் பரிமாறட்டும். சாதமும் சாம்பாரும் தயிரும் இவர்கள் உட்கார்ந்த பிறகு எல்லோருக்குமாக வந்தால் இன்னும் நல்லது.

பந்திக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். இலையை எடுத்து, தரையைத் துடைத்து, பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு மீதிப் படம். கழுவுவது நாளைக்கு.

தாம்பூலம்

படம் முடியும்போது 9 மணியைத் தொட்டிருக்கும். வெற்றிலை, கல்கண்டு, சோம்பு, ஒரு ஏலக்காய். பாக்கைத் தவிர்த்துவிடுங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக வகைப்படுத்தியிருக்கிறது. கிளம்புகிறவர்களின் மஞ்சள் பையில் ஒரு தேங்காய், பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய கரும்பில் கணு நீக்கிய ஒரு துண்டு, லாடு மீந்திருந்தால் அதுவும். புளியோதரை மீந்திருந்தால் அதையும் இலையில் கட்டிக் கொடுத்துவிடலாம், மறுநாள் காலை வரை தாங்கும். கிழங்கும் சாம்பாரும் ராத்திரியே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். இரண்டு முறை காய்ந்த எண்ணெயை எடுத்து வைக்காதீர்கள். ஆறவிட்டு, பழைய காகிதத்தில் உறிஞ்சவைத்து, குப்பையில் போடுங்கள்.